குந்தாச் சரிவில் சாணி பிழிந்த கணக்கு

நான் அண்ணன் என்று கூப்பிடும் பால் பண்ணைக்காரர் என்னை அழைத்தபோது இயந்திரம் வாங்குவது என்று அவர் வீட்டில் முடிவாகியிருந்தது. வங்கிக்கு ஒரு திட்ட அறிக்கை வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். மேசை மேல் இரண்டு விலைப்புள்ளிகள் கிடந்தன. ஒன்று வெளிநாட்டு இயந்திரம், 14 லட்சம். மற்றது உள்நாட்டுத் தயாரிப்பு, அதில் ஏறக்குறைய பாதி. இரண்டுமே சாணிக் குழம்பைப் பிழிந்து சக்கையையும் தண்ணீரையும் தனித்தனியாகப் பிரிப்பவை. "எது நல்லது என்று மட்டும் சொல், தம்பி" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. கடைசியில் வாங்கிய இயந்திரம் அந்த இரண்டுமே இல்லை.

பண்ணை நீலகிரியின் குந்தா வட்டத்தில், எமரால்டு நீர்த்தேக்கத்தை நோக்கி ஓடும் சிற்றோடைகளில் ஒன்றின் மேல்சரிவில் இருக்கிறது. 40 பெரிய மாடுகள். அவற்றில் கறவையில் எப்போதும் 34 இருக்கும். பெரும்பாலும் ஜெர்சி கலப்பினம். கன்றுகளும் கிடேரிகளும் பதினைந்து. கிக்குயுப் புல்லும் ஓட்ஸும் வளர்கிற ஏழு ஏக்கர். மேலே தேயிலை, பக்கவாட்டில் பிறருடைய காரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள். கீழே, ஓடைக்கு அப்பால், ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர். அந்த ஊரார் குடிக்கும் ஊற்று ஓடையின் ஓரத்திலேயே இருக்கிறது. இந்த விவகாரம் முழுவதும் அந்த ஊற்றைச் சுற்றியே நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. தொடக்கத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தொழுவத்துக்குப் பின்னால் 60,000 லிட்டர் கொள்ளும் ஒரு குழி. சாணி, மூத்திரம், கழுவிய தண்ணீர் எல்லாம் அதில் சேரும். வெயில் காலத்தில் வாய்க்கால் வெட்டிப் புல்வெளிக்குத் திறந்துவிடுவார்கள். ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் குழி நிரம்பும். 3,000 லிட்டர் தொட்டி கட்டிய வண்டியை நடை ஒன்றுக்கு 1,200 ரூபாய் வாடகைக்குப் பிடித்து அள்ளுவார்கள். 2022 மழைக்காலத்தில் 110 நடை. அப்படியும் மிஞ்சியது வழிந்து ஓடைக்குப் போனது. ஹட்டியிலிருந்து மூன்று பேர் வந்து வாசலில் நின்றார்கள். சண்டை போடவில்லை; ஒரு பாட்டிலில் ஊற்றுத் தண்ணீரை எடுத்துவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். இயந்திரம் வாங்கும் யோசனை அன்றைக்கு வந்தது.

வாளியும் கைக்கடிகாரமும்

நான் முதலில் செய்தது குழிக்குள் என்ன போகிறது என்று அளந்ததுதான். பெரிய கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. குழாயை 20 லிட்டர் வாளியில் பிடித்தேன். 24 விநாடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு 50 லிட்டர். தொழுவம் கழுவ நாளொன்றுக்கு மொத்தம் 70 நிமிடம் குழாய் திறந்திருந்தது. ஆக 3,500 லிட்டர். மாடு ஒன்றுக்குச் சாணியும் மூத்திரமுமாக 28 கிலோ என்று எடுத்துக்கொண்டால், கன்றுகளையும் சேர்த்து ஒன்றேகால் டன். மொத்தம் நாளுக்கு 4,750 லிட்டர். அதில் மாடு கொடுத்தது கால் பங்குதான்.

அடுத்தது மழை. தொழுவக் கூரை 450 சதுர மீட்டர். அதன் தண்ணீர் முழுவதும் முற்றத்தில் விழுந்தது. முற்றம் 300 சதுர மீட்டர். அதன் தண்ணீர் முழுவதும் குழிக்குப் போனது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். குந்தாப் பக்கம் 40 மில்லிமீட்டர் பெய்தால் யாரும் அதை மழை என்றே சொல்லமாட்டார்கள். அந்த 40 மில்லிமீட்டருக்கு 30,000 லிட்டர், பாதிக் குழி. 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது ஊரறிந்த செய்தி. அப்படியொரு நாள் இந்தக் கூரை மீதும் முற்றத்தின் மீதும் வந்தால் ஆறு லட்சம் லிட்டர், பத்துக் குழி.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் நான் 1,200 ரூபாய் கொடுத்து மழைத் தண்ணீரையா வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்?" என்றார்.

மூன்றாவதாக ஒரு சிறு சோதனை. ஒரு கிலோ குழம்பைத் தட்டில் ஊற்றி, பால் காய்ச்சும் விறகடுப்பின் ஓரத்தில் இரண்டு நாள் வைத்துக் காயவிட்டோம். அண்ணனின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியதைத் தவிர வேறு செலவில்லை. மிஞ்சியது 31 கிராம். நூறில் மூன்று பங்குதான் திடப்பொருள். இந்த எண்தான் வாங்குகிற முடிவைத் தள்ளிப்போட வைத்தது.

காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். கரும்புச் சாறு பிழிவதைப் போலத்தான், ஆனால் உருளை இல்லை, திருகு. அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கீறல் கொண்ட குழாய் வடிவச் சல்லடைக்குள் ஒரு திருகு சுழன்று குழம்பை முன்னே தள்ளும். வாயில் எடை கட்டிய மூடி இருக்கும். அந்த மூடியை முட்டிக்கொண்டு நாரும் சக்கையும் ஒரு அடைப்பாக இறுகினால்தான் பின்னால் வருவது பிழியப்படும். குழம்பு நீர்த்துப் போயிருந்தால் அடைப்பு நிற்காது. மூடி வழியே தண்ணீரும் சேர்ந்து பீய்ச்சும். மூன்று விழுக்காட்டுக் குழம்புக்கு இயந்திரம் வாங்குவதென்றால், அதன் நேரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீரைச் சுற்றவிடுவதிலேயே செலவழிப்போம். அந்தத் தண்ணீரையும் சமாளிக்கத்தான் பெரிய இயந்திரம் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. விற்பவர் பொய் சொல்லவில்லை. நாம் சொன்ன லிட்டருக்கு ஏற்றதை அவர் சொன்னார்.

சாண எரிவாயுக் கலன் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. மண்ணுக்கடியில் கட்டும் தீனபந்து வகையில் சிறியது ஒன்று. எரிவாயு தரும் நுண்ணுயிர்கள் 35 டிகிரி வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். 15 டிகிரிக்குக் கீழே சோம்பிவிடும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் அடுப்பு தேநீர் போடக்கூட எரியாது. கலன் சமையலுக்கு உதவும், குழிக்கு உதவாது. தின்றதைக் குறைக்காமல் அப்படியே கழிக்கும் பிள்ளை அது. உள்ளே போன அளவு வெளியே வரும்.

முதலில் தகரம்

2023 ஏப்ரலில் கூரை விளிம்பில் மழைநீரை வாங்கி ஓட்டும் நீர்த்தாரை வைத்தோம். கூரைத் தண்ணீர் நேராகத் தேயிலைக்குள் கிடக்கும் பழைய காட்டுவாய்க்காலுக்குப் போனது. முற்றத்தின் மேல்பக்கம் அரையடி உயரத்துக்குக் கான்கிரீட் வரப்பு. மாடு நிற்காத பாதி முற்றம் குழியிலிருந்து பிரிக்கப்பட்டது, மறுபாதிக்குத் தகரக் கூரை. குழாய் முனையில் விசை வைத்த துப்பாக்கி. சாணியை முதலில் வழித்தெடுத்துவிட்டுப் பிறகு கழுவுவது என்ற ஒரு விதி. எல்லாமாக 1.10 லட்சம்.

விதியைக் கடைப்பிடிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. இருபது ஆண்டாகக் குழாயால் சாணியைத் தள்ளிப் பழகிய கைக்கு வழிப்பான் பிடிக்கவில்லை. அம்மா ஒரு வாரம் விடியற்காலையில் தொழுவத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பழகிவிட்டது. கழுவும் தண்ணீர் 3,500 லிட்டரிலிருந்து 1,400-க்கு இறங்கியது. மறுபடியும் தட்டில் காயவைத்துப் பார்த்தோம்: 55 கிராம்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் 65 நடை. குழி ஒரே ஒரு முறை வழிந்தது. இதை அப்படியே தகரத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. 2023 ஆகஸ்ட், நாடு முழுவதற்கும் 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட். மலையிலும் மழை பொய்த்தது. ஆனாலும் நாளுக்கு 2,650 லிட்டர் என்பது மழையைப் பொறுத்தது இல்லை. வாளி வைத்து அளந்தது.

இந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். அண்ணன் ஒப்பவில்லை. 55 கிராம் குழம்பு கெட்டியாக இருந்ததால் வாய்க்காலில் நகரவில்லை. குழாயில் விட்டால் நார் சுற்றி அடைத்துக்கொண்டது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அப்படி. தண்ணீர் பிரச்சினை தீர்ந்து நார்ப் பிரச்சினை வந்திருந்தது. மழை ஓயும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஏழு ஏக்கருக்கும் மெல்லிசாகப் பரப்ப முடிந்தால்தான் வண்டி வாடகை முற்றிலும் ஒழியும். அதற்குத் தண்ணீர் குழாயில் ஓட வேண்டும்.

இயந்திரம் வந்தது

2024 பிப்ரவரியில், மணிக்கு 3,000 லிட்டர் பிழியும் சிறிய திருகு இயந்திரம், 3.90 லட்சம். அதோடு முடியவில்லை. கலக்கியும் பம்பும் 95,000. மேடையும் கொட்டகையும் 1.60 லட்சம். மும்முனை மின்சாரம் கொண்டுவர 60,000. குழாய் 420 மீட்டர், 75,000. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றி மேடையில் இறக்க 30,000. நீர்த்தாரைச் செலவையும் சேர்த்தால் 9.20 லட்சம். விலைப்புள்ளியில் இருந்த இயந்திரம் மொத்தச் செலவில் பாதிகூட இல்லை. வங்கி அறிக்கைகளில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சமவெளியில் மேடை போட ஒரு நாள், மலைச்சரிவில் முதலில் தடுப்புச்சுவர் கட்ட வேண்டும்.

மேடையைக் குழியைவிட உயரத்தில் வைத்தது மட்டும் எல்லோரும் பாராட்டும்படி அமைந்தது. பம்பு ஒரு முறை மேலே தூக்கினால் போதும். பிழிந்த தண்ணீர் தானாகவே கீழ்ப் புல்வெளிக்கு இறங்குகிறது. ஓடையை ஒட்டிய பட்டைக்கு மட்டும் எந்த வாய்க்காலும் குழாயும் போவதில்லை.

முதல் மாதத்தில் நான் எதிர்பார்த்ததும் அண்ணன் எதிர்பாராததுமான ஒன்று நடந்தது. நாளுக்கு 2,650 லிட்டர் உள்ளே போய் 220 கிலோ சக்கை வெளியே வந்தது. தண்ணீர் 2,430 லிட்டர். எட்டு விழுக்காடுதான் குறைந்திருந்தது. "இவ்வளவு காசு போட்டு இவ்வளவுதானா?" என்றார். திருகு இயந்திரம் குழியின் அளவைப் பெரிதாகக் குறைக்காது. அது குழம்பின் குணத்தைத்தான் மாற்றும். நார் போன பிறகு மிஞ்சுவது தேநீர்போல ஓடுகிறது, மேலே ஏடு கட்டுவதில்லை, அடியில் படிவதும் குறைவு.

தொல்லைகளில் சில சிரிக்கும்படியானவை. ஏப்ரலில் ஒரு தாம்புக்கயிறு குழிக்குள் போய்த் திருகில் சுற்றிக்கொண்டது. உதிரிப்பாகம் கீழேயிருந்து வர நான்கு நாள். இப்போது குழி வாயில் கம்பி வலை. மாலையில் மின் அழுத்தம் இறங்கி மோட்டார் நின்றுவிடும் என்பதால் முற்பகல் பதினொரு மணிக்கு ஓட்டுகிறார்கள். மாடுகளின் காலோடு வரும் மண்ணும் சிறு கல்லும் சல்லடையை அரித்தன. பதினான்கு மாதத்தில் முதல் சல்லடை போய்விட்டது.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. குழியைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு திடீரென்று கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வருகிறவரை பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும், அதுதான் ஆபத்து. கலக்கியைப் போட்டதும் எல்லோரும் இருபது நிமிடம் விலகியிருக்க வேண்டும், குழிக்குள் எதற்காகவும் யாரும் இறங்கக் கூடாது என்று சுவரில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

என் யோசனையால் வந்த நட்டம்

சக்கையை மாட்டுக்குப் படுக்கையாகப் போடலாம் என்றது நான்தான். குளிர்நாட்டுப் பண்ணைகளில் நெடுநாளாக உள்ள வழக்கம். மார்ச், ஏப்ரலில் அருமையாக இருந்தது. ரப்பர் விரிப்பின் மேல் நாலு விரல் கனத்துக்கு மெத்தை, முழங்கால் புண்கள் ஆறின. ஜூன் மூன்றாம் வாரம் மூடுபனி இறங்கியது. இறங்கியது என்றால் குந்தாவில் செப்டம்பர் வரை ஏறாது. பிழிந்து வந்த சக்கையிலேயே நூறில் எழுபது பங்குக்கு மேல் ஈரம். அது காயவே இல்லை. படுத்த மாட்டின் சூட்டில் வெதுவெதுப்பாகப் புளித்தது. ஒரே மாதத்தில் ஐந்து மாட்டுக்கு மடிநோய். வழக்கமாக ஒன்றோ இரண்டோதான் வரும். மருந்து போட்ட நாள்களின் பாலைக் கொட்டியது, மருத்துவர் செலவு எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். ஜூலையில் சக்கையை வாரிக் கொட்டிவிட்டு வெறும் விரிப்புக்குத் திரும்பினார்கள். கோடையில் மட்டும் போடலாமா என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை விட்டுவிட்டேன்.

சக்கை விற்பனையும் நினைத்தபடி எளிதாக இல்லை. முதல் நடையை வாங்கிய காரட் விவசாயி இரண்டு மாதம் கழித்து ஒரு கூடைக் காரட்டோடு வந்தார். எல்லாம் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து கால் முளைத்தாற்போல் இருந்தன. மட்காத எருவில் காரட் போட்டால் அப்படித்தான் ஆகும் என்பது அவருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். இயந்திரத்திலிருந்து உதிரியாக, நாற்றமில்லாமல் வந்ததைப் பார்த்து இரண்டு பேருமே அதை மட்கிய எரு என்று நம்பிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது நாலடி உயரக் குவியலாகப் போட்டு, மூன்று மாதத்தில் நான்கு முறை புரட்டுகிறார்கள். வெளியே ஐந்து டிகிரி குளிராக இருந்தாலும் குவியலுக்குள் கம்பியைச் செருகி எடுத்தால் கை வைக்க முடியாது. குவியல் சிறியதானால் சூடு ஏறுவதில்லை. முதல் குவியலை இடுப்பளவுக்குப் போட்டு ஒரு மாதம் வீணானது. மட்கியதும் எடை பாதியாகிவிடுகிறது. ஆண்டுக்கு 40 டன். 12 டன் சொந்தக் காய்கறிக்கு, 28 டன் கிலோ இரண்டரை ரூபாய்க்கு. கீழேயிருந்து லாரியில் வரும் கோழி எருவோடு போட்டி போட முடியாது. அதில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகம். இதன் பயன் மண்ணைப் பொலபொலப்பாக்குவதில்தான். அதைச் சொல்லி விற்றால் வாங்கியவர் மறுபடி வருகிறார். உரம் என்று விற்றால் வருவதில்லை.

சத்துக்களில் பெரும்பகுதி தண்ணீரோடுதான் போகிறது. சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், ஏறக்குறைய முழுவதும்; தழைச்சத்தில் பெரும்பங்கு. மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில், ஒரு பகுதிதான் சக்கையில் தங்கும். புல்லுக்கு வாங்கும் யூரியாவும் பொட்டாஷும் ஆண்டுக்கு 38,000 ரூபாய் குறைந்தது. ஆனால் 2025 தொடக்கத்தில் கன்று ஈன்ற மாடுகளில் மூன்று, ஈன்ற மறுநாளே எழ முடியாமல் படுத்தன. பால் காய்ச்சல். சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டதும் எழுந்துவிட்டன. கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, சினை மாட்டுக்கு எந்த வயல் புல் போடுகிறீர்கள் என்பது. சாம்பல் சத்து மிகுந்த புல்லை ஈனும் தறுவாயில் தின்றால் இந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம். மூன்று மாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் மேல் ஓரத்து ஒன்றரை ஏக்கருக்குக் குழாய் மூடப்பட்டது. பால் வற்றிய மாடுகளுக்கு அந்தப் புல் மட்டும். அதற்குப் பிறகு ஈன்ற ஒன்பதில் ஒன்றும் படுக்கவில்லை.

பணம்

2024 ஜூலை இறுதியில் மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மழைக்காலத்தில் இந்தப் பண்ணையில் எட்டு நடை. குழி வழியவில்லை.

102 நடை மிச்சம், 1.22 லட்சம். உரம் 38,000. எரு விற்பனை 70,000. மொத்த வரவு 2.30 லட்சம். செலவில் மின்சாரம் 27,000, சல்லடை ஆண்டுக்குச் சராசரி 24,000, ஓட்டுகிற ஆளின் நேரம் 45,000, எரு புரட்ட 18,000, மொத்தம் 1.14 லட்சம். மிஞ்சுவது 1.16 லட்சம். 9.20 லட்சம் திரும்ப எட்டு ஆண்டு. கேட்க நன்றாகவே இருக்கிறது. வங்கிக்கு நான் எழுதிய அறிக்கையிலும் ஏறத்தாழ இந்த எண்தான் இருந்தது.

இதைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை. தகரம், வரப்பு, குழாய்த் துப்பாக்கிக்குப் போட்ட 1.10 லட்சம், முதல் ஆண்டிலேயே 45 நடையைக் குறைத்து 54,000 கொடுத்தது. மழை குறைந்த ஆண்டு என்று கொஞ்சம் கழித்தாலும் மூன்று ஆண்டில் முதல் திரும்பிவிடும். மீதி 8.10 லட்சம் ஈட்டுவது ஆண்டுக்கு 62,000 மட்டுமே. திரும்ப 13 ஆண்டு. திருகும் மோட்டாரும் அதுவரை தாங்குமா என்பது வேறு கேள்வி. 6 லட்சம் கடனுக்கு ஒன்பதரை விழுக்காட்டில் முதல் ஆண்டு வட்டியே 57,000. இயந்திரம் வட்டியைக் கட்டிவிட்டுக் கையை விரித்தது.

வட்டியில் ஒரு தவறும் செய்தோம். 2020-ல் மத்திய அரசு தொடங்கிய கால்நடை பராமரிப்பு உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியில் கழிவிலிருந்து பொருள் எடுக்கும் திட்டங்களுக்கும் அப்போது இடமிருந்தது. 3 விழுக்காடு வட்டி மானியம். அந்த வழியை முதலில் பார்க்காமல், மழைக்கு முன் இயந்திரம் வர வேண்டும் என்ற அவசரத்தில் சாதாரணக் கடனாக எடுத்துவிட்டோம். மூன்று விழுக்காடு என்றால் முதல் ஆண்டுக்கு 18,000. அது என் பொறுப்பு, நான் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே பணத்தை மட்டும் கேட்டால் என் பதில்: நாற்பது மாட்டுக்குத் தகரம் போதும், இயந்திரம் வேண்டாம். இருபது மாட்டுக்கு யோசிக்கவே வேண்டாம். சமதரையில், வண்டி எளிதில் போய்வரும் இடத்தில் என்றால் இன்னும் உறுதியாகச் சொல்வேன்.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கணக்கில் குறை காணவில்லை. 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பால் பண்ணைகளுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது அவருக்குத் தெரியும்; கழிவை ஓடையில் விடக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் அவர் சொன்னது அதைப் பற்றி இல்லை. "ஹட்டியில் என் தங்கையைக் கொடுத்திருக்கிறேன். 2022-ல் திண்ணையில் பாட்டிலை வைத்தவர்களில் ஒருவர் என் மச்சான். அதை எந்தப் பத்தியில் எழுதுவாய்?" நான் எழுதவில்லை. மூன்று வண்ண மையில் வரவு செலவு எழுதும் என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது எருக் குவியலுக்குக் கூரை வேண்டும் என்கிறார். மழையில் நனைந்தால் சத்துக் கரைந்து மறுபடி ஓடைப் பக்கம்தான் போகும். கொட்டகைக்கு 1.40 லட்சம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அறிக்கை எழுதுவதற்கு முன், பழைய தொழுவத்தைப் பிரித்தபோது கழற்றி வைத்த தகரங்கள் எத்தனை கிடக்கின்றன என்று எண்ணிச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.